நடுவில் துளையில்லாத ரப்பர்

என்னைத் தண்ணீர் திருடி என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்தில். பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் நான் எழுதுகிற கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில், சிரித்தவர்கள் பதினொரு பேர் என்றும் எழுதியிருக்கிறேன்.

அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, கழுவி, தூங்கவைத்து, மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் மூன்று லயங்களுக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைப்பம்பு. அதன் அடியில் ரப்பரால் ஆன ஒரு வால்வு உண்டு. ஒவ்வோர் அடிக்கும் திறந்து தண்ணீரை மேலே விடும். உடனே மூடி, ஏறிய தண்ணீரைக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ளும். எங்கள் வால்வு பிடிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இரவோடு இரவாகக் குழாய்த் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கு இறங்கிவிடும். விடிந்ததும் பம்பின் தலையில் ஒரு கேன் தண்ணீர் ஊற்றினால்தான் அது மறுபடி இழுக்கும்.

அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. மாலையில் கடைசியாகத் தண்ணீர் பிடிப்பவர் அங்கிருக்கும் நீலக் கேனை நிரப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தண்ணீரைத் தொடுவது கோயில் உண்டியலில் கைவைப்பதற்குச் சமம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கேன் காலியாகக் கிடந்தது.

“ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. நேத்து கடைசியா இங்கிட்டு வந்தது யாரு?” என்று கேட்டார் தலைவர். தோட்டத்துச் சங்கத் தலைவர் அவர். பம்புக்கும் அவரே பொறுப்பு. புது வால்வு கேட்டுப் பதுளை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாக வருடம் தவறாமல் சொல்வார்.

“நான்தாங்க. நெறைச்சுத்தான் வச்சுட்டுப் போனேன்.”

“நெறைச்சு வச்ச தண்ணி நடந்து போயிருச்சாக்கும். ஆயம்மாவுக்குப் புள்ளைங்க குண்டி கழுவத் தண்ணி பத்தல போல. ஊருத் தண்ணியில கழுவிவிட்டிருக்காங்க.”

அப்போதுதான் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் எல்லோரும் கீழே பீலிக்கு இறங்க வேண்டியிருந்தது. மலையிலிருந்து வரும் ஊற்றைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் இடம் அது. போக நூற்றுப் பதினான்கு படிகள். தண்ணீரோடு ஏறி வந்தபோது காலையில் பெயர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பலரைக் கணக்கப்பிள்ளை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்.

அன்று மாலை கோயிலில் கூட்டம். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு நான்தான் அந்தக் கேனை நிரப்ப வேண்டும், அதுவும் பம்பிலிருந்து அல்ல, பீலியிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். தலையாட்டினார்கள்.

கேனை யார் கவிழ்த்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாயாகவும் இருக்கலாம். தலைவருக்கும் தெரியாது. தெரியாமலேயே சொன்னார் என்பதுதான் நான் அவர்மேல் வைத்த குற்றம். அதற்கு மேல் ஒன்றும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்று சிரிக்காதவள் ஒருத்தி உண்டு. பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், கொழுந்து பறிப்பவள். முதல் நாள் கேனோடு நான் படியேறி வரும்போது எதிரே வந்தாள்.

“குடுங்க அக்கா, நான் தூக்கிட்டு வாறேன்.”

“வேணாம். நாள் என் கணக்குல நிக்கணும்,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆறாம் நாள், படியில் மூச்சு வாங்க நின்றபோது, இந்தக் கேனே தேவைப்படாத ஒரு பம்பைத் தலைவர் முகத்துக்கு நேரே அடித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டருக்கு உதவியாள். ஆட்கள் மலைக்குப் போயிருந்த ஒரு பகல் வேளையில் ஸ்பானரோடு வந்து நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பைச் சாய்த்துக் காட்டினார். அடியில் தோசைக்கல்லில் கருகியது போல ஒரு கருப்பு வட்டம், நடுவில் ஆணி. வட்டம் அவ்வளவாகத் தேயவில்லை. ஆணி போன துளைதான் விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ரப்பர் ஆணியில் உரசி, துளை பெரிதாகி, தண்ணீர் அதன் வழியே இறங்கியிருக்கிறது. இருந்தபடியே பூட்டச் சொன்னேன். ஆணியும் துளையும் இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன்.

பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் பம்பின் அளவுக்கே ஒரு குழாய்த் துண்டைக் கட்டிவைத்தேன். அடியில் நான் வெட்டிய ரப்பர். மேலே ஒட்டுப் பிளாஸ்டர் போட்ட இடம்வரை காலையில் தண்ணீர். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன்.

முதலில் மொனராகலையிலிருந்து என் நாத்தனார் கொண்டுவந்த ரப்பர் ஷீட். ரப்பர்ப் பாலை உறையவைத்துப் புகை போட்டது. எட்டு நாள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் பார்த்தால், இரும்போடு ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுத்தது. அடுத்து, தொழிற்சாலையில் கழித்த பெல்ட்டில் ஒரு துண்டு. அதன் நடுவில் துணி இருக்கிறது. நூல் வழியே தண்ணீர் கசிந்து ஒரு பகலில் மூன்று அங்குலம் போய்விட்டது. மூன்றாவது, கொழுந்து லொறியின் பழைய டியூப். அது ஊறவில்லை, ஒட்டவில்லை. ஆனால் கனமில்லாததால் ஓரம் சுருண்டது. கனத்துக்கு இரும்பு வைத்தால் அதைப் பிடிக்க ஆணி வேண்டும். ஆணி என்றால் மறுபடி துளை.

அப்புத்தளையில் டயர் ஓட்டைக்குப் பெச் போடும் கடைக்குப் போனேன். இரண்டு டியூப் துண்டுகளுக்கு இடையில் ஒரு இரும்பு வட்டத்தை வைத்து, சூடு கொடுத்து அமுக்கித் தரும்படி கேட்டேன். கடைக்காரச் சிங்கள முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன அக்கே, ஒத்தைக் காலுக்குச் செருப்பா?”

“ஆமா மாத்தையா. ஒருத்தரை அடிக்க.”

அவர் சிரித்துக்கொண்டே அமுக்கித் தந்தார்.

மீதி வேலை கத்தரிக்கோலுக்கு. போல்ட்டுகளுக்கு இடையே அழுந்தும் வளையமும் உள்ளே திறந்து மூடும் நாக்கும் ஒரே துண்டாக இருக்கும்படி, நாக்கைச் சுற்றி வெட்டி, ஒரு பக்கம் மட்டும் வெட்டாமல் விட்டேன். அந்த இடம்தான் கீல். அரை அங்குலம் விட்டபோது கிழிந்தது. ஒன்றரை அங்குலம் விட்டபோது முழுதாக மூடவில்லை. ஒரு அங்குலம் சரியாக வந்தது. கிழிகிறதா என்று பார்க்க, பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அதை மடக்கி மடக்கிப் பிடித்தேன். இருபதுக்கு மேல் அவர்களுக்கு எண்ணத் தெரியாது. இருபது வந்ததும் கைதட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இரண்டு வாரம் எண்ணினார்கள். கீல் அசையவில்லை. குழாயில் தண்ணீர் பிளாஸ்டரை விட்டு இறங்கவில்லை.

நாற்பத்தோராம் நாள், பகல் பன்னிரண்டரைக்குப் பம்பில் பொருத்தினோம். மறுநாள் அதே நேரம், பம்பைத் தொடாமல் நான்கு மணி நேரம் விட்டுவிட்டு, ஒன்றும் ஊற்றாமல் அடித்தேன். மூன்றாவது அடியில் தண்ணீர் கொட்டியது. என் கணவருக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

“இன்னைக்கே எல்லாருக்கும் சொல்லிருவோம்.”

“மூச்சு விடக் கூடாது. இப்ப சொன்னா, நல்ல வேலை செஞ்சே ஆயம்மான்னு சொல்லிட்டுப் போயிருவாரு. எனக்கு நல்ல பேரு வேணாங்க. அவரு சொன்னது பொய்னு ஆகணும். திருவிழா வரட்டும்.”

திருவிழா எண்பத்தாறாம் நாள். தண்டனை முடிய நான்கு நாள் இருக்கும். முடியும்வரை பொறுத்தால், குற்றம் செய்து அனுபவித்து முடித்தவள் ஆகிவிடுவேன்.

யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் முதலில் வருபவர் கேனை எடுத்து ஊற்றிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவார். ஊற்றாமல் அடித்துப் பார்க்கும் எண்ணமே எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வராது. நான் தினமும் மாலை நூற்றுப் பதினான்கு படி ஏறித் தேவையில்லாத தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன். அந்தக் கேன் அப்போது எனக்குக் கனக்கவே இல்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காய்ச்சலில் விழுந்தேன். கேன் தூக்க முடியவில்லை. மறுநாள் காலை, படுத்தபடியே பம்படிச் சத்தத்தைக் கேட்டேன்.

“ஆயம்மா இன்னைக்கும் நாமம் போட்டுட்டாங்கப்பா,” என்றார் தலைவர். “எறங்குங்க பீலிக்கு.”

ஒருவரும் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவுக்கும் பம்புக்கும் பதினேழு அடி தூரம். இன்னும் இருபத்தேழு நாள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி அன்று இரண்டு குடம் கொண்டுபோனாள். ஒன்று எனக்கு. ஈரப்படியில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். அவள் வீட்டிலேயே இருந்தாள். நான் காய்ச்சல் தெளிந்து எழுந்து அதை எழுதினேன். எழுதிவிட்டு, அன்று மாலை கேனை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன்.

திருவிழாக் காலையில் மாரியம்மனுக்கு முதல் குடம் எங்கள் பம்பிலிருந்துதான் போகும். மேளம் நிற்க, தலைவர் கேனை எடுத்து ஊற்றி முதல் அடி அடிப்பது மரியாதை. வெள்ளை வேட்டியோடு வந்தார். அவர் குனிவதற்கு முன் நான் கேனை எடுத்தேன். மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க, தரையில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டுவரை உதறினேன்.

“ஏய்! கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?”

“நீங்க சொன்னதத்தான் செய்றேன் தலைவரே. அன்னைக்கு நான் கொட்டல. இன்னைக்குக் கொட்டிட்டேன். நல்லாப் பாத்துக்கங்க.”

கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது.

“அட, ஊத்தாமயே வருது!” என்று யாரோ கத்தினார்கள்.

ஒரு நிமிடம்தான் அவர் தடுமாறினார். “வராம என்ன? பதுளையில இருந்து புது வால்வு கொண்டாந்து நான்தான் போட்டேன். திருவிழாவுல சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள இந்தம்மா ஆட்டம் போடுது.”

“அப்பிடிங்களா. என்ன மாதிரி வால்வுங்க?”

“வால்வு என்னா மாதிரி இருக்கும்? கருப்பா, வட்டமா. நடுவுல ஆணி.”

மடியிலிருந்த ஸ்பானரை எடுத்து என் கணவரிடம் கொடுத்தேன். நான்கு போல்ட்டுகள். ரப்பரை எடுத்துப் பூசாரியின் கையில் வைத்தேன். அவர் இரண்டு பக்கமும் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஆணியக் காணோமே தலைவரே. ஒரு ஓட்டை கூட இல்லையே.”

“ஆணி நடந்து போயிருச்சாக்கும்,” என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

அன்று சிரித்தவர்களை எண்ண முடியவில்லை.

ரப்பரைத் திரும்பப் பூட்டி, கழற்றியதில் இறங்கிப்போன தண்ணீருக்கு ஈடாக ஒருமுறை மட்டும் வீட்டுக் குடத்திலிருந்து ஊற்றி அடித்ததும், மூன்றாவது அடியில் வந்த தண்ணீரில் அம்மன் குடம் நிறைந்தது. பூசைக்குப் பிறகு கூட்டம் கூடியது. என்ன வேண்டும் என்று இந்தமுறை என்னைக் கேட்டார்கள்.

“எனக்குக் குடுத்த அதே தண்டனை தலைவருக்கும். அதே பீலி, அதே கேன்.”

“இனிமே பம்புக்கு ஊத்தவே வேணாமே ஆயம்மா,” என்றார் பூசாரி.

“தெரியும் சாமி. சாயந்தரம் அவரு கொண்டாந்து வைக்கட்டும். காலையில நான் கொட்டிக்கிறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

நேற்றோடு நான் தூக்கியது எண்பத்து நாலு என்றேன். எண்பத்தைந்து நாளில் ஒரு நாள் குறைகிறதே என்று பூசாரி கேட்டார். அந்த ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தேன், தூக்காத நாளைச் சேர்க்க மாட்டேன் என்றேன். தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது பக்கத்து வீட்டுக்காரி என் முன்னால் வந்து நின்றாள். கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தாள்.

“அந்தக் காய்ச்சல் நாள்ல, இந்த ரப்பரு உள்ளதான் இருந்துச்சா அக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொருத்திய நாள் எனக்கும் என் கணவருக்கும்தான் தெரியும்.

“இருந்துச்சு,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

இன்று தலைவருக்கு முப்பத்து மூன்றாம் நாள். மாலையில் கேனோடு ஏறி வரும்போது தொண்ணூறாவது படியில் உட்கார்ந்து எழுகிறார். ஒருநாள் அவர் மனைவி தூக்கிக்கொண்டு வந்தார். தலைவரேதான் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். காலையில் அவர் பார்க்கக் கேனைக் கவிழ்க்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கட்டு அவிழ்த்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் தண்ணீருக்கு வரும்போது, குடத்தோடு வீட்டிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவருகிறாள். வரிசையில் நிற்கிறாள். அவள் முறை வந்ததும், நான் பிள்ளைக்காம்பரா வாசலில் நிற்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த டம்ளரைப் பம்பின் தலையில் ஊற்றுகிறாள். பிறகு, இன்னும் நேராகாத அந்தக் கையாலேயே அடிக்கிறாள். ஊற்றத் தேவையில்லை என்று வரிசையில் ஒருவரும் அவளிடம் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.