சிவப்பு அம்பு காட்டிய இடம்

என் மகளின் சிறுநீரைப் பிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு இல்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அவள் ஒன்றுக்குப் போவாள். நான்காம் நாள் காலை, அவள் உட்காரும் இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெளியே வந்ததும் எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தில் இருந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

இவளைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார்கள். சிறுநீரில் உள்ள அமிலங்களை அளந்தால் உடம்புக்குள் என்ன கோளாறு என்று தெரிந்துவிடுமாம். ஐஸ் வைத்துக் கட்டி, எங்கோ ஒரு பெரிய ஊருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து முடிவு ஃபோனுக்கு வந்தது. நாங்கள் குடியிருக்கும் கச்சிராயபாளையத்தில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். பக்கம் பக்கமாக அமிலங்களின் பெயர்கள். பயத்தையும் மீறி ஒரு பிரமிப்பு வந்தது. இட்லியும் தயிர்சாதமும் தவிர வேறு எதையும் தொடாத இந்தச் சின்ன உடம்பு, ஒரு ராத்திரிக்குள் இத்தனை பொருட்களை உடைத்து, சேர்த்து, கழித்து அனுப்பியிருக்கிறதா?

டார்டாரிக் அமிலம் என்ற பெயருக்கு எதிரே மட்டும் மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. குழுவில் ஆலோசனை சொல்பவர் ஃபோனில், "குடலில் பூஞ்சை வளர்ந்திருக்கு. பாலை நிறுத்துங்க, தயிரை நிறுத்துங்க. மாத்திரை பேர் அனுப்புறேன்" என்றார். தயிரை நிறுத்தினால் இவள் பட்டினிதான் கிடப்பாள். அதனால் மாத்திரை வாங்குவதற்கு முன்னால், கள்ளக்குறிச்சியில் இவளை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடம் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இத வெச்சி ஆட்டிசத்துக்குக் காரணம் சொல்ல முடியாதுங்க டீச்சர். பாப்பா முந்தின நாள் இன்னா சாப்ட்டான்னு வேணா கொஞ்சம் சொல்லும்." பேனாவின் முனை சிவப்பு அம்பில் வந்து நின்றது. "புளி ஜாஸ்தி சாப்புடுவாளா?"

"புளியா? ரசத்த மோந்து பாத்தாலே தட்ட தள்ளி வுட்டுடுவா டாக்டர்."

"புளியோட புளிப்பே இந்த அமிலந்தாங்க. பூஞ்சைன்னு சொல்றதுக்கு முன்னாடி அத பாக்கணும் இல்ல? நீங்க எங்க வேல பாக்குறீங்க?"

"மலை மேல. வெள்ளிமலைப் பக்கம்."

டாக்டர் சிரித்தார். "புளி காய்க்கிற ஊர்ல இருந்துக்கினு இல்லன்றீங்களே. மாத்திர எதுவும் குடுக்காதீங்க. மொதல்ல அவ எங்க போறா, இன்னா திங்கிறான்னு பாருங்க."

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் கிடந்த அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் பழுப்பு. இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மண் என்று நினைத்துத்தான் தேய்த்தேன்.

நான் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அவளையும் தினமும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். மதியம் நான் பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைக்கும் நேரத்தில் அவள் பள்ளிக்குப் பின்பக்கம் போவாள். சுவரைத் தடவிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்கும். சமையல்கார அம்மா சமையல் கூடத்திலிருந்தே அவளைப் பார்த்துக்கொள்வார். மணி அடித்ததும் தானாக வந்துவிடுவாள்.

திங்கட்கிழமை மதியம், கூட வேலை பார்க்கும் டீச்சரிடம் சொல்லிவிட்டு மகள் பின்னாலேயே போனேன்.

அவள் சுவரருகே நிற்கவில்லை. சுவர் முடியும் இடத்தில் திரும்பி, அதை ஒட்டியிருந்த வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே தார்ப்பாய் விரித்து, என் வயசுப் பெண் ஒருத்தி புளி தட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் போய் அவள் முழங்காலோடு தன் முழங்கால் படும்படி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தாலே எழுந்து போகிறவள் அவள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓடு நீக்கிய பழம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள். என் மகள் நாரின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். காம்பிலிருந்து கடைசிவரை அறுபடாமல் வந்தது. அதை ஏற்கெனவே கிடந்த நார்களுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். பிறகு அடுத்தது. நானும் எத்தனையோ முறை புளி ஆய்ந்திருக்கிறேன். ஒரு நார்கூட முழுசாக வந்ததில்லை.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க டீச்சர். பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து வந்துக்கினு கீது ஒங்க பொண்ணு. சமையக்கார அக்கா பாத்துக்கினுதான் கீது. ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"தொந்தரவு பண்றாளா?"

"அதெல்லாம் இல்ல. அது நார் எடுக்கும், நான் கொட்ட எடுப்பேன்."

"பேச மாட்டாளே. எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"நானும் ரொம்ப பேச மாட்டேன்" என்றாள் அவள்.

"புளி தின்றாளா?"

"தின்னும். கண்ண மூடிக்கினு சப்பும். எனுக்கும் ஒண்ணு ஊட்டும், வாணான்னாலும் வுடாது."

நான் நம்பவில்லை. பெற்றவளான எனக்கு ஒரு பருக்கை ஊட்டியதில்லை அவள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நடந்தது. என் மகள் ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள், இன்னொன்றை அந்தப் பெண்ணின் வாய்க்கு நேராக நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி சுளித்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. என் கண்ணெதிரே இருந்துகொண்டே அவள் தனக்கென ஒரு வேலையும் ஒரு சிநேகிதியும் தேடிப் பிடித்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு சோதனைக்கூடத்தில் முகம் தெரியாத யாரோ, அவள் உடம்பு கழித்துவிட்ட ஒரு கிண்ணம் நீரிலிருந்து அதில் ஒரு நுனியைப் பிடித்துவிட்டார்கள். அங்கேயே புளி ஓடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர், "சந்தேகம் இருந்தா புளி சீசன் முடிஞ்சப்புறம் இன்னொரு தடவ பாத்துக்கலாம்" என்றார். ஆடியில் பார்த்தோம். அம்பு இல்லை. பூஞ்சையும் இல்லை, மாத்திரையும் இல்லை. அந்தக் குழுவில் இதை எழுதினேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் நான் டாக்டரை நம்பி ஏமாந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அவள் இன்னும் பேசவில்லை. பேசுவாளா என்று எந்தத் தாளும் சொல்லப்போவதில்லை. இந்த வருஷம் அந்தப் பெண் என்னிடம், "மரம் உலுக்கப் போறோம், பாப்பாவ இட்டுக்கினு வாங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை போனோம். மேலே இரண்டு பேர் ஏறிக் கிளைகளைத் தடியால் அடிக்க, காய்ந்த பழங்கள் சடசடவென்று மழைபோலக் கொட்டின. சத்தம் அவளுக்கு ஆகாதே என்று பின்னாலிருந்து அவள் காதுகளைப் பொத்தினேன். அவள் என் கைகளை எடுத்துவிட்டு, இன்னும் இரண்டடி உள்ளே போய் நின்றாள்.