பெயர் மாறிய கப்பல்

என் மாமா, அம்மாவின் தம்பி, தன்னுடைய ஞாபக அட்டையைத் தன் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர். உள்ளங்கையளவு அட்டை. முன்பக்கம் கழுத்தில் ரை கட்டிய அவருடைய படமும் இறந்த திகதியும், பின்பக்கம் இறந்தவர்களுக்குச் சொல்லும் இளைப்பாற்றிச் செபம். அதை அச்சடிக்கக் கொடுத்த கெட்டிக்காரன் நான்.

மாமா சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தார். மாமியும் நாங்களும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தோம். அவர் கடலில் இருந்தபோது இரண்டு குடும்பமும் நகரின் மறுபக்கம் இருந்த மில்லிக்கனுக்கு வீடு மாறினோம். தொலைபேசி இலக்கமும் மாறியது. புது விலாசத்தை எழுதிக் கப்பலின் பெயருக்கு நான் அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. அந்தப் பெயரில் இப்போது கப்பல் எதுவும் இல்லை என்று உறையில் எழுதியிருந்தது. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் இங்கிலிஷ் தெரிந்தவன் நான்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"கப்பல் தாண்டுபோச்சு மாமி" என்றேன்.

மூழ்கியதென்று யாரும் எழுதவில்லை, நானே முடிவுகட்டினேன். ஒரு வருடம் பார்த்துவிட்டு மாமி தாலியைக் கழற்றினார். கோயிலில் மாமாவின் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தோம். அங்கே கொடுக்க அடித்த அட்டையில் இறந்த திகதிக்கு மாமாவின் கடைசிக் கடிதத்தின் திகதியைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். பூசையன்று கொடுத்து வாசல் மேசையில் மிஞ்சிக் கிடந்த அட்டையொன்றைப் பிடித்தபடி மாமா நின்றார்.

"உந்தப் படத்திலை நான் வடிவில்லை எண்டு உனக்குத் தெரியாதே?"

மாமி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கால் நிலத்தில் படுகிறதா என்று சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் மூழ்கவேயில்லை. யாரோ வாங்கி, மேல்தளத்தில் பெரிய கிரேன்களைப் பூட்டி, பெயரையும் மாற்றி, ஒரு துறைமுகத்தில் கட்டி வைத்திருந்தார்கள். கிரேன் இல்லாத கரையில் அவசரமாகச் சரக்கு இறக்க வேண்டி வந்தால் மட்டுந்தான் அது புறப்படும். அதுவரை எஞ்சினை இடைக்கிடை ஓட்டிப் பார்க்க மாமாவையும் சிலரையும் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களெல்லாம் பழைய மாடிக்குப் போயிருக்கின்றன. வேலை ஒப்பந்தம் முடிந்ததும் எங்களைத் தேடி, வீடு மாறியும் நாங்கள் விடாத அந்தக் கோயிலுக்கு வந்த மனிதருக்குக் கிடைத்தது அந்த அட்டை. அதன்பிறகு கலியாண வீடுகளில் அதை எடுத்துக் காட்டி என் மானத்தை வாங்குவார். மாமி ஒருநாளும் சிரித்ததில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் அழைப்பு வந்தது. மில்லிக்கனில் மாமி வீட்டுக்கு ஓடினேன்.

"மாமி, மாமா எங்களை விட்டிட்டுப் போயிட்டார்."

மாமி குளிர்க் கோட்டை எடுத்து மாட்டினார்.

"நீ சொன்னா நான் நம்பமாட்டன். கூட்டிக்கொண்டு போ."

ஆஸ்பத்திரியில் மாமி கட்டிலருகே நின்று மாமாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார், நெடுநேரம் எடுக்கவில்லை. அவர் எழும்பி ஏதாவது பகிடி விடுவார் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு மாமி தாதி கொடுத்த பையிலிருந்து பணப்பையை எடுத்தார். ஓரம் நைந்த அந்த அட்டையை உருவி என்னிடம் நீட்டினார்.

"இப்ப அடி. திகதியை மாத்து. படத்தையும் மாத்து, அவருக்கு உது பிடிக்காது."