வழியில் தொலைந்த மூன்று வோல்ட்

அந்த வருடப் பெருநாளுக்கு எங்கள் பேகம்பூர் வீட்டு முன்கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி நின்றது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருடைய தம்பி சின்னத்தா தன் கையாலேயே செய்தது. அவருக்குத் தோல் மண்டியில் வேலை. பிளைவுட்டை அறுத்து, பழைய கம்ப்யூட்டர் திரையை உள்ளே பொருத்தி, மண்டியில் மிஞ்சிய கறுப்புத் தோல் துண்டுகளை வெளியே ஒட்டி, நோன்பு மாதம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினார். பெருநாள் தொழுகை முடிந்ததும் தெருப்பிள்ளைகள் எல்லாரும் வந்து விளையாடலாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். சின்னத்தா வாக்குக் கொடுத்தால் அத்தா தலையில் கைவைத்துக்கொள்வார். முன்பு கொடுத்த ஒரு வாக்கின் பலனாக எங்கள் மொட்டை மாடியில் வான்கோழிகள் திரிந்ததுண்டு.

புதுச்சட்டைகள் வாசல்வரை நெரிந்தன. சின்னத்தா சுவிட்சைப் போட்டார். திரையில் ஆட்டம் வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு பெருமையோடு விளக்குகளுக்கான சுவிட்சைத் தட்டினார். பெட்டியின் உச்சியில் வரிசையாக ஒட்டியிருந்த சிறு விளக்குகள் மினுங்கின. ஒரு முனையில் வெள்ளையாகவும் மறுமுனைக்குப் போகப் போக மங்கிய செம்மஞ்சளாகவும் எரிந்தன. திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் ஒன்று தோன்றியது.

"அது கேமுல வர்ற பவரு," என்றார் சின்னத்தா. நாங்கள் கைதட்டினோம். திரை இருண்டது. ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

விளக்கை அணைத்தால் ஆட்டம் ஓடியது, போட்டால் செத்தது. சின்னத்தா டெஸ்டரை எடுத்து உள்ளே இருந்த ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். எதிலும் டெஸ்டர் எரியவில்லை. பிளக்கை மாற்றினார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏலே, பெட்டிக்கு இன்னும் நோன்பு முடியலடா!" என்று வாசலில் ஒருவன் சொல்ல, தெருவே சிரித்தது. சின்னத்தாவின் முகம் சுருங்கிப்போனது.

"பிள்ளைகள அனுப்பிவிட்டுட்டு வா. பிரியாணி ஆறுது," என்றார் அத்தா, நாற்காலியிலிருந்து எழாமலே.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க, அதுல டெஸ்டர் எரியாது. அது வெறும் பன்னெண்டு வோல்ட்டு."

சாச்சி. சின்னத்தாவைக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை அவர் எங்கள் வீட்டில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது. எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் கூசிப்போய் அறைக்குள் ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் மீட்டர் இருந்தது. சிவப்பு, கறுப்பு என்று இரண்டு வால்கள் அதில் தொங்கின. பெருநாள் பட்டுச்சேலையோடு பெட்டிக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

விளக்கை எரியவிட்டு, பெட்டிக்குள் அடாப்டரிலிருந்து கரண்டு கிளம்பும் இடத்தில் மீட்டரின் முனைகளை வைத்தார். பன்னிரண்டு என்று காட்டியது. விளக்கு வரிசையின் கடைசியில் வைத்தார். ஒன்பது.

"மூணு எங்க போச்சு?" என்றேன். நிஜமாகவே தரையில் குனிந்து தேடினேன்.

"வழியிலேயே காலியாயிருச்சு. இந்த வயரு தின்னுருச்சு," என்று முடிபோல மெலிந்த ஒரு கம்பியைத் தூக்கிக் காட்டினார். பெட்டியைச் சுற்றி ஓடியது அந்த ஒன்றுதான். "கேமும் இதுலதான் வாங்குது, இம்புட்டு விளக்கும் இதுலதான் வாங்குது. பாவம், அது எப்படித் தாங்கும்?"

"அப்ப அந்த மின்னல்?"

"அது கேமு இல்லடா. எனக்குக் கரண்டு பத்தலன்னு அந்தப் பெட்டி கத்துது."

எனக்குச் சிலிர்த்தது. இத்தனை பேருக்கு நடுவே ஒரு பெட்டி இவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

வயர் வாங்கிவரக் கடைக்குக் கிளம்பினார் சின்னத்தா. "நீங்க வர்றதுக்குள்ள பிள்ளைக போயிரும்," என்ற சாச்சி, அம்மாவிடம் திரும்பி, "அக்கா, அந்த எரிஞ்சுபோன இஸ்திரிப் பெட்டி?" என்றார். என்றைக்காவது அதைச் சரிசெய்துவிடலாம் என்று பரண்மேல் பத்திரமாக வைத்திருந்த அம்மா, மகளைக் கட்டிக்கொடுப்பவர்போல அதை எடுத்துக்கொடுத்தார். அதன் தடித்த வயரை வெட்டி, தோலை உரித்து, கேம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்கினார் சாச்சி. ஆட்டத்துக்குத் தனியாக ஒரு வழி போட்டார். விளக்குகளுக்குத் தனியாக இன்னொன்று இழுத்து, வரிசையின் இரண்டு முனைகளிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வளையல் ஓசையைத் தவிரக் கூடத்தில் வேறு சத்தமில்லை.

மறுபடி பிளக்கைச் சொருகிவிட்டு, மூடாமல் கிடந்த ஒரு இணைப்பை வெறும் விரல்களால் அழுத்திப் பார்த்தார். அத்தா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏம்மா! ஷாக் அடிக்கும்!" தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இது அடிக்காது. செவுத்துல இருக்குறதுதான் அடிக்கும், அதத் தொடமாட்டேன்," என்று நிமிராமலே சொன்னார் சாச்சி. "ம், இப்பப் போடுங்க."

சின்னத்தா சுவிட்சைத் தட்டினார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே வெள்ளையாக வெளிச்சம் பாய்ந்தது. பொத்தான்கள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக எரிந்தன; கறுப்புத் தோல் மழையில் நனைந்ததுபோல மின்னியது. திரை இருளவில்லை. மூலையில் மின்னல் இல்லை. தெருப்பிள்ளைகள் கூரை பிய்யக் கத்தினார்கள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. சாச்சியின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கேம்மா படிச்ச?" என்று கேட்டார் அத்தா.

"பாலிடெக்னிக்ல. கடைசிப் பரிட்சைக்கு முந்தி நிக்காஹ் வந்துருச்சு."

அத்தா தம்பியைப் பார்த்தார். சின்னத்தா தரையைப் பார்த்தார். எனக்கோ பொறாமையாக இருந்தது. எங்கள் பள்ளியிலும் முழுப்பரிட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் வந்து காப்பாற்றும் அதிர்ஷ்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பெருநாள் கழிந்து, அத்தாவே எங்கெங்கோ போய் விசாரித்துவிட்டு வந்தார். விட்டுப்போன பரிட்சையைச் சாச்சி எழுதியாக வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. பெட்டியைச் சரிசெய்து கொடுத்தவருக்கு இப்படியொரு தண்டனையா என்று அம்மாவிடம் அழுது சண்டைபோட்டேன். அம்மா சிரித்தாரே தவிர, மனமிரங்கவில்லை.

பரிட்சையன்று வழியனுப்ப நானும் அத்தாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் சாச்சி. பக்கத்தில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னத்தா. பஸ் நகர்ந்தபோது சாச்சி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

"பரிட்சைக்குப் போறவங்க எதுக்கு அத்தா சிரிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

அத்தா பஸ் திரும்பி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.