அத்தை கட்டிய மீன்

மாமா வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முகத்தில் பாதி சோப்பு நுரை, கையில் சின்னப் பெட்டி. இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குத்தான் போனார். ஆனாலும் கப்பலேறப் போகிறவர் மாதிரி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

காரணம், அவருடைய சவர பிரஷ். அதில் பாதி முடியைக் காணோம். காணாமல் போனது சமையலறை மேசையில், விளிம்பில் திருகி வைத்த இடுக்கியில், ஒரு பொய்மீனின் முதுகாகியிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்க தலையில இருந்திருந்தா கேட்டிருப்பேன்."

பகலில் அத்தை தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள். மாலையில், பெரிய மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளின் மேல் சிறுமீன் கட்டுவாள். ஈயக் கம்பி சுற்றி, வெள்ளி ஜரிகை ஏற்றி, வயிற்றுக்கு வெள்ளை முடியும் முதுகுக்குக் கறுப்பு முடியும் வைத்து நூலால் இறுக்குவாள். தலையில் கண் ஒட்டி, ஒரு சொட்டு வார்னிஷ். அப்புறம் குளியல் வாளியில் நீந்தவிட்டுப் பார்ப்பாள். ஒருக்களித்தால் கத்திரிதான். அடுத்த வீட்டு நாய் அவளைக் கண்டாலே வாலைச் சுருட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் வந்து இறங்கியபோதுகூட, கட்டிப்பிடிக்கும் முன் என் கோட்டுக் காலரின் ரோமத்தைத் தடவிப் பார்த்தாள்.

அந்த மீன்களை ஆற்றில் வீசுவது மாமாவின் வேலை. இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

முதல் நாள் "நிம்மதி" என்றாள். மூன்றாம் நாள் தன்னையறியாமல் இரண்டு டம்ளர் டீ போட்டாள். சனிக்கிழமை, அந்தப் பொய்மீனைத் தீப்பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"மன்னிப்புன்னு மட்டும் சொல்லிடாதே. நாளைக்கு ஆத்துக்கு வெறுங்கையோட போவாரேன்னு குடுத்தேன்னு சொல்லு."

தங்கை வீட்டுத் திண்ணையில் மாமா தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"வீட்டுக்கு வரச் சொன்னாளா?"

"இல்ல மாமா."

"அப்போ எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?"

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு இடிபட்டது. மாமாதான்.

"இதான் நீ கட்டின லட்சணமா? முள்ளோட காதே அடைச்சுக் கிடக்கு. தூண்டில் நரம்பை எதுல கோக்கறது?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. நரம்பு கோக்கும் வளையத்தில் வார்னிஷ் இறங்க விடுவது கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. "நானா? நானா விட்டேன்?" என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடைத்துத்தான் இருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. நேரமாகும்."

மாமா உட்கார்ந்தார். டீ வந்தது. மத்தியானச் சாப்பாடும் வந்தது. அன்றைக்கு யாரும் ஆற்றுக்குப் போகவில்லை.

அதன்பின் அத்தை ஒவ்வொரு முள்ளையும் ஜன்னலுக்கு நேரே தூக்கி மூன்று தடவை பார்க்காமல் விட்டதில்லை.

ஏழு வருடம் கழித்து, எங்கோ ஒரு ரயிலடியில் நான் நின்றிருந்தபோது மாமாவின் செய்தி வந்தது:

"மருமகளே, உன் அத்தை இன்னைக்கும் மூணு தடவை பாக்கறா. பாவமா இருக்கு. அன்னைக்கு அவ கட்டினதுல ஒரு குத்தமும் இல்ல. என் தங்கச்சியோட நகப் பாலிஷ், நிறமில்லாதது, முள்ளோட காதுல நான்தான் ஒரு சொட்டு விட்டேன். வீட்டுக்கு வர வேற சாக்கு தோணல. அவகிட்ட நானே சொல்லிடறேன். ஆனா நீ வந்து சேந்தப்புறம்தான். தனியா மாட்டிக்க என்னால முடியாது."