காலியாக இருந்த இரண்டு இடம்

நான் நான்காவது படித்தபோது அக்கா தருமபுரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கோ என்றொரு, கட்டத்தில் காய் வைத்து ஆடும் ஆட்டம் கற்றுக்கொண்டு, பெங்களூரில் நடக்கவிருந்த போட்டிக்குப் பேரும் கொடுத்துவிட்டாள். அவள் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பழகுவதற்கு ஆள் வேண்டுமே, வேறு வழியில்லாமல் என்னைப் பிடித்தாள். காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு கிழித்தோம். புளியங்கொட்டை எனக்கு, வெள்ளை மொச்சை அவளுக்கு. சனி, ஞாயிறு மத்தியானங்களில் மட்டும்தான் அவளுக்கு ஓய்வு.

எதிராளியின் காய்களைச் சுற்றி வளைத்து, அவற்றை ஒட்டிய காலி இடங்களையெல்லாம் அடைத்துவிட்டால் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே தனித்தனியாக இரண்டு இடம் காலியாக இருந்தால் யாராலும் அதை அசைக்க முடியாது. அந்தக் காலி இடத்துக்குக் கண் என்று பேர்.

"ரெண்டு கண்ணு இருக்குது பாப்பா. உன்னுது பொழச்சிக்கிச்சி. இனிமே அங்க கை வெக்காத," என்றாள் அக்கா.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் தக்காளி வரிசைக்கு நடுவே கொத்தமல்லி, வரப்பில் துவரை. ஒரு சாண் மண் சும்மா கிடந்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. நானும் அவர் மகள்தானே. ஒரு கண்ணில் புளியங்கொட்டையை வைத்து அடைத்தேன். வெளியே சுற்றிலும் ஏற்கெனவே அவள் மொச்சைதான்; மிச்சமிருந்த கண்ணிலும் அக்கா ஒன்றை வைத்து, என் பதினோரு கொட்டையையும் அள்ளிக்கொண்டாள். நான் அழுதேன்.

"காலியா இருக்கறதுதான்டி அதுக்கு உசுரு," என்றாள்.

அந்த வாரம் தக்காளி தரம் பிரிக்க ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார்.

"அக்கா மத்தியானத்துல சும்மாதாம்ப்பா இருக்கறா," என்று முந்திக்கொண்டு சொன்னேன். கெட்டிக்காரி என்று என் தலையைத் தடவினார்.

சனிக்கிழமை முழுக்கத் தக்காளிக்குப் போனது. அன்றைக்குத் துவைக்க வேண்டிய துணி ஞாயிறு மத்தியானத்துக்கு வந்தது. காய்ப்பு ஓயும்வரை எல்லா வாரமும் இப்படித்தான். பழகாமல் போய் என்ன செய்வது என்று அக்கா போட்டிக்குப் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவுமில்லை. அட்டையை மட்டும் பரண்மேல் போட்டுவிட்டாள்.

என்னிடம் தோற்றுவிடுவோம் என்று பயந்துதான் அக்கா ஆட்டத்தை விட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.