கருவாடும் கண் புரையும்

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். கை ஊசிக்குப் பழகிய அளவு பேனாவுக்குப் பழகவில்லை. பிழை இருக்கும் இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது.

சிதம்பரத்தில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கிறேன். சட்டைப் பொத்தானுக்குத் துளை போட்டு, ஓரம் பிரியாமல் நூல் சுற்றும் வேலை. வெள்ளைத் துணி வந்தால் ஊசியை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முனையில் துரு இருந்தால் துணியில் மஞ்சள் புள்ளி விழும். எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. அதனால் ஊசியைப் பார்ப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

என் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் இறந்த பிறகு என்னோடு இருக்கிறாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஒரு மளிகைக் கடைக்கு அரிசியில் கல் பொறுக்கிக் கொடுப்பாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. வலது கண் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. இடது கண்ணில் மங்கலாகத் தெரிந்தது. அரிசியோடு கல்லும் போகிறது என்று கடைக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

மார்கழித் தரிசனக் கூட்டத்தோடு ஊசிக்காரர் ஒருவர் வந்தார். தேர் வீதி ஓரம் ஒரு சத்திரத்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரே குத்தில் புரையைப் போக்குவார், படுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அக்காவைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

"வாங்க ஆயா, ஒக்காருங்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார். என்னைப் பார்த்து, "நீ பின்னால ஒக்காந்து தலைய கெட்டியா புடிச்சிக்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு நீள ஊசியை எடுத்தார். எங்களுக்கு முன்னால் குத்திக்கொண்டு போனவனின் கண்ணீர் அதில் காய்ந்திருந்தது. எச்சிலைத் தொட்டு, வேட்டி ஓரத்தில் துடைத்தார். ஊசி முனைக்குக் கொஞ்சம் மேலே துரு இருந்தது. கடுகளவு. நான் பார்த்தேன். ஒரு சட்டைக்குள் விடமாட்டேன் அந்த ஊசியை. சுற்றிலும் கூட்டம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சம். பேசாமல் இருந்தேன்.

வலது கண்ணின் வெள்ளை விழியில் குத்தி உள்ளே எதையோ அழுத்தினார். அக்காவின் தலை என் கைக்குள் ஒரு தரம் துள்ளி அடங்கியது. ஊசியை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பி, "என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார்.

"கோபுரம்" என்றாள் அக்கா. "தம்பி, கோபுரம் தெரியுதுடா!"

கூட்டம் கைதட்டியது. நானும்தான் சிரித்தேன். எண்ணெய்ப் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டு, எட்டு நாள் மீனும் கருவாடும் ஆகாது, பத்தியம் தப்பினால் தாம் பொறுப்பில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு துண்டு கருவாடு கேட்டாள். நான் சுட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் வலி தொடங்கியது. கட்டை அவிழ்த்தபோது பஞ்சோடு மஞ்சளாகச் சீழ் வந்தது. அந்த நாற்றம் எங்கள் ஒற்றை அறையில் பல நாள் இருந்தது; சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், அவளை உள்ளே விட்டுவிட்டு. சத்திரத்து வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பாயும் இல்லை, ஆளும் இல்லை.

அக்கா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவரு நல்லாத்தான் பண்ணாரு. கோபுரம் தெரிஞ்சுதே. நான்தான் நாக்க கட்டாம கருவாடு தின்னேன்" என்பாள். கசிந்துகொண்டே இருந்த கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டே சொல்வாள்.

பங்குனியில் இடது கண்ணும் மறைக்க ஆரம்பித்தது. மளிகைக் கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் சொன்னாள்: "ஆனித் திருமஞ்சனத்துக்கு அவரு வருவாரு இல்ல? இந்தக் கண்ண அவராண்டயே காட்டிக்கிறேன். இந்த தடவ கருவாட்ட மோந்துகூட பாக்கமாட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, கருவாடு இல்ல. ஊசியில துரு இருந்துது" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

கண்ணை ஒற்றிக்கொண்டிருந்த முந்தானையை இறக்கினாள். பிறகு கேட்டாள்: "பாத்துட்டுத்தானா என் தலைய புடிச்சிக்கினு இருந்த?"

அன்றும் மறுநாளும் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள், "எங்க போவணுமோ கூட்டிக்கினு போ. வாயத் தொறந்து பேசறதா இருந்தா வா" என்றாள்.

பஸ் ஏறிக் கடலூர் பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம். டாக்டர் வலது கண்ணின் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "இது எப்படிம்மா ஆச்சு?" என்றார்.

என் நாக்கு பழைய வழியிலேயே போனது. "முள்ளு குத்திடுச்சுங்க" என்றேன்.

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பார்வை மங்கிய அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலை எச்சில், வேட்டி ஓரம், துரு, நான் சுட்டுக் கொடுத்த கருவாடு உட்பட.

"கருவாட்டுக்கும் கண்ணுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் டாக்டர். "ஊசி அழுக்கு உள்ள போயி சீழ் வச்சிருக்கு. அவன் புரைய எடுக்கவே இல்ல. வாசல மறைச்ச மூட்டைய வீட்டுக்குள்ளயே உருட்டி விட்டான். நாங்க அத வெளியில எடுப்போம். ஆனா இந்தச் சீழ வச்சிக்கினு அடுத்த கண்ணத் தொட முடியாது. முள்ளுன்னு நம்பி மருந்து போட்டு அனுப்பியிருந்தா ரெண்டும் போயிருக்கும்."

முதலில் அழுகிய கண்ணை எடுத்தார்கள். ஒரு மாதம் ஆற விட்டு, இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். ஆயுதங்களைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்ததைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அந்த ஆவியைப் பார்த்தபோது எனக்கு ஊசிக்காரரின் வேட்டி ஞாபகம் வந்தது.

ஆசுபத்திரியும் சுகமான இடம் இல்லை. பினாயில் வாடையும் மூத்திர வாடையும் கலந்து தொண்டையில் உட்காரும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, கண் கட்டோடு எட்டு நாள் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இருமக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன், பெட்பேன் வைத்தேன்.

"ஊசிக்காரரு ஒரு நிமிஷத்துல எழுப்பி விட்டாரு. இவுங்க என்னப் பொணமாட்டம் போட்டு வச்சிருக்காங்க" என்று படுத்தபடியே திட்டினாள்.

"சிரிக்காத அக்கா, தலை ஆடும்."

"நான் எங்கடா சிரிச்சேன்? ஒன் கஞ்சியக் குடிச்சவ சிரிப்பாளா?"

ஆனி பிறக்கும்போது கண்ணாடி வந்தது. சோடா பாட்டில் அடிப்பாகம் கனம். எல்லாம் பெரிதாகத் தெரிகிறது என்று முதலில் இரண்டு படி தடுக்கி விழுந்தாள். பிறகு முறத்தை எடுத்து அரிசியில் கல் பார்த்தாள். பத்துக் கல் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

தேருக்கு முதல் நாள், அதே சத்திரத்து வாசலில் பாய் விரித்திருந்தது. அக்கா நேராகக் கூட்டத்துக்குள் போனாள். நான் தூணோரம் நின்றேன். கண்ணாடியைக் கழற்றி, வலது கண் இருந்த குழியின் இமையை விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இது இவரு பண்ண கண்ணு. இது ஆசுபத்திரியில பண்ணது. நல்லாப் பாத்துக்குங்க" என்றாள்.

ஊசிக்காரர் வெற்றிலையை மென்றபடியே, "பத்தியம் தப்பியிருப்ப ஆயா. மீனு கீனு தின்னிருப்ப" என்றார்.

"கருவாடு தின்னேன். இப்பவும் தெனம் தின்றேன். ஆசுபத்திரி கண்ணு ஏன் அழுவிப் போவல?"

சிரிப்பு எழுந்தது. நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஆனால் பாயில் உட்கார்ந்திருந்த கிழவர் எழவில்லை. "அவுங்கவுங்க நேரம்" என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினார். பின்னால் அவர் மகன் தலையைப் பிடித்திருந்தான். ஊசிக்காரர் ஊசியை வேட்டி ஓரத்தில் துடைத்தார்.

நான் தூணை விட்டு வந்து மகன் காதில், "ஊசியப் பாரு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் ஊசியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். முகம் சிவந்தது. கை மட்டும் தலையை விடவில்லை.

நான் சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தேன். பின்னால் கைதட்டல் கேட்டது. கிழவருக்கும் கோபுரம் தெரிந்திருக்க வேண்டும். அக்கா வந்து என் முதுகைத் தடவினாள். "நீ சொன்ன இல்ல, வா" என்றாள்.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

1967, ஆவணி 9.