கீரை வெந்த தண்ணீர்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் படித்துச் சொன்னதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. அது சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. அந்த முறை பொட்டாசியம் ஏறியிருந்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய உப்பு அது. உடம்பில் தேங்கினால் இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். கீரை, கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான்.

அதை அம்மாவிடம் சொன்னபோது மாங்காட்டிலிருந்து வந்திருந்த அத்தை சிரித்தாள்.

"ரெண்டு எய்த்து படிச்சிட்டு கீரைத் தண்ணிய கொட்டச் சொல்றா பாரு. சத்தே அதுலதான்டி கீது."

அத்தையிடம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு காய் இருந்தது. கைநாட்டு வைப்பவர்களுக்கு இருக்கும் தன்னம்பிக்கை எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை.

அம்மா மட்டும் எதிர்த்துப் பேசவில்லை. தினமும் என் கண்ணெதிரிலேயே கீரையை வடிகட்டினாள். நான் திருப்தியோடு கல்லூரிக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா குறுக்கே புகுந்தார்.

"சோறு எறங்கல சார். ரசம் மட்டும் சோக்கா கீது. கீரைத் தண்ணிலதான் வெக்கிறா."

அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். டாக்டரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் குரல் இறங்கியது.

"அம்மாம் சத்தையும் கொட்ட மனசு வரல சார்."

கொட்டாவிட்டால் உன் புருஷன் செத்துப்போவான் என்றார் டாக்டர். என் வாயிலிருந்து அவள் இருபது முறை கேட்ட அதே சேதிதான். இப்போதுதான் அழுதாள். அப்பாவை அன்றே சேர்த்தார்கள். பிழைத்து வர எட்டு நாள் ஆனது.

அவர் வீடு திரும்பிய மறுநாள் அம்மா கீரையை வடிகட்டி, தண்ணீர்க் குண்டானைக் கொல்லைக்கு எடுத்துப் போனாள். என்னையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் கொட்டினாள்.

"இத்த கொட்டிடணுமாம்டி, டாக்டரு சொல்லிக்கீறாரு. ஒனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.